மாசிப் பட்டத்தில் வீட்டுத் தோட்டம்: தளர்ந்த உடலுக்கும் தகுந்த முறை

சம்பா நெல் வீடு வந்து சேரும் தை, மாசி மாதங்களில் உழவர் குடும்பத்தின் உடல் வலிமை மிகவும் குறைந்து நிற்பது இயல்பு. நாற்று விட்ட நாள் முதல் தூற்றி முடிக்கும் வரை ஓய்வின்றி உழைத்த உடல் அது. கடலூர் மாவட்டத்தில் நெல்லிக்குப்பத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இத்தளர்ச்சி இன்னும் மிகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே சர்க்கரை ஆலையைக் கண்ட ஊர் நெல்லிக்குப்பம். நெல் அறுவடை ஓயும் வேளையில் அங்குக் கரும்பு வெட்டு மும்முரமாக நடக்கிறது. விடியுமுன் வெட்டுக்குச் சென்று வெயிலேறத் திரும்பும் ஆடவரும் பெண்டிரும், "கொல்லையைக் கொத்த யாருக்கு முடிகிறது? ஆடியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிடுகின்றனர்.

அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆயினும் மாசியைக் கைவிட்டால் கோடை முழுவதும் காய்கறிக்குக் கடையை நம்ப வேண்டியதாகிறது. கடலூர்ப் பகுதிக்கு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. அம்மழையின் ஈரம் மாசி வரை மண்ணில் ஓரளவு தங்கியிருக்கும். பங்குனி பிறந்துவிட்டால் மண் இறுகிவிடும். இன்று அரைமணி நேரத்தில் கொத்தக்கூடிய இடத்தை ஒரு மாதம் கழித்துக் கொத்த இரண்டு மடங்கு உழைப்பு வேண்டும். ஆகவே உடல் தளர்ந்தவர்களே மாசியைத் தவறவிடலாகாது. தோட்டத்தின் அளவையும் வேலையின் அளவையும் உடலுக்கு ஏற்பச் சுருக்கிக்கொள்வதே இதற்கு வழி.

தளர்ச்சி எதனால்?

முதற்கண் ஒன்றை ஆராய்ந்து அறிதல் வேண்டும். உழைப்பினால் வரும் களைப்பு இரண்டு நாள் உறக்கத்தில் நீங்கும். நீங்காமல், படியேறினால் மூச்சு வாங்குதல், தலை சுற்றல், கண்ணிமையின் உட்புறமும் நகமும் வெளுத்தல் ஆகிய அறிகுறிகள் தோன்றினால் அது இரத்தசோகையாக இருக்கலாம். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். இரத்தத்தில் ஈமோகுளோபின் அளவு பெண்களுக்கு 12 கிராமுக்கும், கருவுற்றவர்களுக்கு 11 கிராமுக்கும் குறையலாகாது.

நம் கிராமங்களில் வீட்டுத் தோட்டம் பெரும்பாலும் பெண்களின் பொறுப்பிலேயே இருக்கிறது. இரத்தம் குறைந்தவருக்குத் தோட்டம் போட முடிவதில்லை. தோட்டம் இல்லாத வீட்டில் கீரையும் காயும் குறைகின்றன. உணவு குறைய இரத்தம் மேலும் குறைகிறது. செக்கைச் சுற்றும் மாடு போல் இது சுழன்றுகொண்டே இருக்கும். இச்சுழலை இரண்டு பக்கமும் அறுத்தல் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்து, மருத்துவர் தரும் இரும்புச் சத்து மாத்திரையை உண்ணுதல் ஒரு பக்கம். கீரை மட்டும் தின்று கடும் இரத்தசோகையைப் போக்கிக்கொள்ள இயலாது என்பதை மறக்கலாகாது. தளர்ந்தவரும் செய்யத்தக்க சிறு தோட்டம் மறுபக்கம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கொக்கிப்புழு ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். ஆகையால் செருப்பின்றிக் கொல்லையில் இறங்கலாகாது. கொல்லையை மலங்கழிக்கும் இடமாக வைத்திருத்தலும் ஆகாது.

எவ்வளவு இடம்?

கொல்லை ஐந்து சென்ட் இருந்தாலும் முதலாண்டில் இரண்டு பாத்திகள் போதும். ஒவ்வொன்றும் மூன்றடி அகலமும் எட்டடி நீளமும் இருக்கட்டும். மூன்றடிக்கு மேல் அகலம் கூடினால் நடுவில் கை எட்டாது. குனிந்தும் மிதித்தும் வேலை செய்ய நேரிடும். மூன்றடிப் பாத்தியில் ஓரத்தில் மணையிட்டு அமர்ந்தபடியே களை எடுக்கலாம். நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் படுவதும், கிணற்றுக்கோ குழாய்க்கோ அருகில் உள்ளதுமான இடம் நல்லது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பதே தோட்ட வேலைகளுள் மிகவும் கடினமானது.

முழங்கால் வலி உள்ள முதியவர்கள் தரையில் பாத்தி போட வேண்டுவதில்லை. செங்கற்களை இடுப்பளவுக்கு அடுக்கி, உள்ளே மண்ணும் எருவும் நிரப்பினால் நின்றபடியே கீரை கிள்ளலாம். பழைய சாக்குகளில் மண் நிரப்பித் திண்ணை ஓரத்தில் வைப்பதும் பயன் தரும்.

நாளுக்கு அரைமணி

ஒரே நாளில் கொத்தி, எருவிட்டு, விதைத்து முடிக்க முற்படுவோர் மறுநாள் படுத்துவிடுகின்றனர். தோட்டமும் அத்துடன் நின்றுவிடுகிறது. வேலையைக் கீழ்க்கண்டவாறு பகுத்துக்கொள்க. ஒவ்வொரு நாளும் காலை வெயில் ஏறுமுன் அரைமணி நேரமே வேலை.

முதல் நாள் இடத்தைத் தேர்ந்து நான்கு முளை அடித்துக் கயிறு கட்டுக. இரண்டாம் நாள் களையைப் பிடுங்கி, அன்று மாலை பாத்தி நனைய நீர் விடுக. ஈரம் ஊறிய மண் களைக்கொத்துக்கே இளகும், கடப்பாரை தேவைப்படாது. மூன்றாம் நாள் பாதிப் பாத்தியை ஒரு சாண் ஆழம் கொத்துக. நான்காம் நாள் மறுபாதி. ஐந்தாம் நாள் ஓய்வு. மண்ணும் வெயிலில் காயட்டும். ஆறாம் நாள் நன்கு மக்கிய தொழுவுரம் இரண்டு கூடை பரப்பிக் கிளறுக. ஏழாம் நாள் கட்டிகளை உடைத்துச் சமன் செய்து விதைத்துவிடுக. அடுத்த வாரம் இரண்டாம் பாத்தியை இவ்வாறே ஆயத்தம் செய்க. ஒரு வார இடைவெளியில் விதைப்பதால் அறுவடையும் ஒரே நாளில் வந்து குவியாது.

எதை விதைப்பது?

ஒரு முறை உழைத்துப் பல முறை பயன் பெறும் பயிரே தளர்ந்தவருக்கு ஏற்றது. அவற்றுள் தலையாயது அரைக்கீரை. விதைத்த நான்கு வாரங்களில் முதல் அறுப்பு. பின்னர் வாரம், பத்து நாளுக்கு ஒரு முறை மூன்று மாதம் வரை அறுக்கலாம். விதை மிகச் சிறியதாகையால் மணலுடன் கலந்து தூவி, மேலே மெல்லிய மண் போர்வை இடுக. பூவாளியால் நீர் தெளிக்க. பாத்தியின் ஓரத்தில் பொன்னாங்கண்ணித் தண்டுகளைக் கிள்ளி ஊன்றினால் தானே படரும்.

இரண்டாம் பாத்தியில் வெண்டை நல்லது. ஒன்றரை அடிக்கு ஒன்றாக வரிசையும், வரிசையில் ஓரடிக்கு ஒரு குழியும் அமைத்துக் குழிக்கு இரண்டு விதை இடுக. சுமார் 45 நாளில் காய் பறிக்கலாம். இலை நரம்பு மஞ்சளாகும் செடியைக் கண்டவுடன் பிடுங்கிவிடல் வேண்டும்; விட்டுவைத்தால் வெள்ளை ஈயினால் மற்றச் செடிகளுக்கும் நோய் பரவும். பூச்சி கண்டால், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து வடிகட்டித் தெளிக்கலாம்.

கத்தரிக்கு நாற்றுவிட்டுப் பிடுங்கி நடும் வேலை கூடுதல். உடலில் வலு உள்ள வீட்டார் அதையும் செய்யலாம். நெல்லிக்குப்பத்துக்கு அண்மையில் பாலூரில் 1905ஆம் ஆண்டு தோன்றிய ஆராய்ச்சிப் பண்ணை, இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது. பாலூர் கத்தரி அங்கிருந்து வந்ததே.

வேலி ஓரத்தில் ஒரு முருங்கைப் போத்தை ஊன்றிவிட்டால் அதன் பின் வேலையே இல்லை. ஆடு கடிக்காத ஆடாதொடை, நொச்சி ஆகியவற்றை உயிர்வேலியாக வளர்த்தால் ஆண்டுதோறும் முள் வெட்டிக் கட்டும் உழைப்பும் மிஞ்சும்.

இவ்விரு பாத்திகள் வீட்டுத் தேவை முழுவதையும் நிறைவேற்றா. 1918இல் குன்னூரில் சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1958இல் ஐதராபாத்துக்கு மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், நாளொன்றுக்கு ஒருவருக்கு 100 கிராம் கீரை பரிந்துரைக்கிறது. நம் பாத்திகளும் முருங்கையும் சேர்ந்து வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்குக் கீரை தந்தாலே பெரும் பயன். கீரையில் உள்ள இரும்புச் சத்து உடலில் எளிதில் சேர்வதில்லை. எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடன் உண்டால் நன்கு சேரும். உணவோடு தேநீரும் காப்பியும் அருந்தினால் சேர்வது தடைப்படும்.

நீரும் மூடாக்கும்

வெட்டிய கரும்பு வயலில் தோகையைத் தீயிட்டுக் கொளுத்தும் வழக்கம் இன்னும் உண்டு. அத்தோகையில் இரண்டு கட்டு கொணர்ந்து வெண்டைச் செடிகளின் அடியில் பரப்புக. மூடாக்கின்கீழ் ஈரம் காக்கப்படும், களையும் அடங்கும். நாள்தோறும் விட வேண்டிய நீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் விட்டால் போதும். உழைப்பில் ஏறக்குறைய பாதி இதனால் குறைகிறது. கீரைப் பாத்தியில் முளை எழுந்து சற்று வளரும் வரை தோகை இடலாகாது. சவர்க்காரம் கலந்த குளியல் நீரை வாழைக்கு விடுக, கீரைக்கு வேண்டா.

ஆலையில் இரவு முறை வேலை பார்ப்போருக்கும், 1956இல் நெய்வேலியில் அமைந்த பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கங்களில் உழைத்து வருவோருக்கும் இம்முறை பொருந்தும்.

ஊராட்சி செய்யக்கூடியது

1960களில் யூனிசெப் முதலிய ஐக்கிய நாடுகளின் அமைப்புகளது துணையுடன் செயல்முறை ஊட்டச்சத்துத் திட்டம் ஒரிசாவில் தொடங்கித் தமிழ்நாட்டுக்கும் விரிந்தது. வீட்டுத் தோட்டமும் பள்ளித் தோட்டமும் அதன் அங்கங்கள். விதை வழங்குதல் எளிது. தோட்டத்தில் வேலை செய்ய வலுவில்லாத வீடுகளைக் கண்டறிந்து கைகொடுப்பதே அரிது. அவ்வீடுகளை ஊராட்சி உறுப்பினர்களே நன்கு அறிவர்.

குடியரசு நாள் கிராம சபைக் கூட்டம் மாசிக்குச் சற்று முன்னர் வருகிறது. அக்கூட்டத்தில் மூன்று செய்திகளை எடுத்துரைக்கலாம். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் என்னென்ன விதைகள் கிடைக்கும் என்று விசாரித்து அறிவித்தல் ஒன்று. இரத்தசோகைச் சோதனைக்குக் கிராம சுகாதாரச் செவிலியருடன் நாள் குறித்தல் இரண்டு. தனித்து வாழும் முதியோர், கருவுற்றோர், நோயுற்றோர் வீடுகளில் கொத்தும் வேலையை மட்டும் மகளிர் குழுவினரோ இளைஞரோ முறைவைத்துச் செய்து தருதல் மூன்று. ஒரு பாத்தியைக் கொத்த வலுவுள்ள ஒருவருக்கு ஒரு மணி நேரம் போதும். தளர்ந்த ஒருவருக்கு அது தோட்டம் வைப்பதா, விடுவதா என்பதையே முடிவு செய்துவிடுகிறது.

அறுவடைக் களைப்பு தீரும் வரை காத்திருந்தால் மாசி ஈரம் காத்திருக்காது. நாளுக்கு அரைமணியாகத் தொடங்கினால், பங்குனியில் நம் கொல்லைக் கீரை நம் அடுப்பில் கொதிக்கும். உடல் தேறிய அளவுக்கு, வரும் ஆடிப்பட்டத்தில் மூன்றாம் பாத்தியைச் சேர்த்துக்கொள்வோமாக.