நட்டம் நாட்டுக்கு, லாபம் லண்டனுக்கு: வங்காளத்தின் முதல் ரயில்வே கம்பெனி

வங்காளத்தின் முதல் பயணிகள் ரயிலும் நார்வேயின் முதல் ரயிலும் 1854ஆம் ஆண்டில் 17 நாட்கள் இடைவெளியில் ஓடத் தொடங்கின. இரண்டிலும் பிரிட்டிஷ் மூலதனம் இருந்தது. ஆனால் நட்டம் யாரைச் சேரும் என்ற கேள்விக்கு இரு ஒப்பந்தங்களும் வெவ்வேறு விடைகளைத் தந்தன.

ஒஸ்லோவின் தென்கோடியில், பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியோர் பெருமளவில் வாழும் பகுதி பியோர்ண்டால். அதனை அடுத்துள்ள ஓஸ்லாண்டிலிருந்துதான் நான்கு இராட்சத இயந்திரங்கள் பாறையைக் குடைந்து, ஒஸ்லோவையும் ஸ்கீ நகரையும் இணைக்கும் சுமார் 20 கிலோமீட்டர் நீளமான ரயில் சுரங்கத்தை உருவாக்கின. 2022 டிசம்பரில் அப்பாதை திறக்கப்பட்டது. அதற்கான பணத்தை ஒதுக்கியது நார்வே நாடாளுமன்றம். செலவு கூடினால் அதற்கு விளக்கம் கேட்கும் உரிமையும் அதே மன்றத்துக்கு உண்டு.

பணம் கொடுப்பவரே கணக்குக் கேட்பது இயல்பானதாகத் தோன்றலாம். ஆனால் ஆசியாவின் மிகப் பெரிய ரயில்வே அமைப்புகளில் ஒன்று இதற்கு நேர்மாறான முறையில் உருவானது. பணத்துக்குப் பொறுப்பேற்ற மக்களுக்கு அங்கே கணக்குக் கேட்கும் உரிமை இருக்கவில்லை. அதன் தொடக்கத்தை அறிய, கிழக்கிந்திய ரயில்வே கம்பெனியின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

லண்டனில் பிறந்த கம்பெனி

கிழக்கிந்திய ரயில்வே கம்பெனி 1845ஆம் ஆண்டு லண்டனில் உருவாக்கப்பட்டது. அதன் முதன்மை முயற்சியாளர் ரோலண்ட் மெக்டொனால்ட் ஸ்டீபன்சன். ரயில் என்ஜினால் புகழ்பெற்ற ஜார்ஜ் ஸ்டீபன்சனின் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர் இவர். கல்கத்தாவிலிருந்து டெல்லி வரை கங்கைச் சமவெளியினூடே இருப்புப்பாதை அமைப்பது அவரது திட்டம்.

அதே காலத்தில் இந்தியர் ஒருவரும் ரயில் பாதைக்கு முன்வந்தார் என்பது பலரும் அறியாத செய்தி. கவிஞர் ரவீந்திரநாத் தாகூரின் பாட்டனாரான துவாரகாநாத் தாகூர், நிலக்கரிச் சுரங்கங்களில் முதலீடு செய்திருந்த பெரும் வணிகர். கல்கத்தாவிலிருந்து நிலக்கரி வயல்களுக்குப் பாதை அமைத்தால், அதற்கு வேண்டிய மூலதனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திரட்டித் தருவதாக அவர் கூறினார். 1846 ஆகஸ்டில் லண்டனில் அவர் காலமானார். அவர் பங்கேற்ற மேற்கு வங்காள ரயில்வே முயற்சி அடுத்த ஆண்டே ஸ்டீபன்சனின் கம்பெனியோடு இணைந்துவிட்டது.

ஐந்து சதவீத உத்தரவாதம்

லண்டன் முதலீட்டாளர்கள் வெறுங்கையோடு வரத் தயாராக இல்லை. அறியாத நாட்டில், வெள்ளமும் மழையும் மிகுந்த நிலத்தில் பணத்தைப் போடுவதற்கு அவர்கள் ஒரு பிணையைக் கேட்டனர். 1849 ஆகஸ்ட் 17ஆம் தேதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கும் ரயில்வே கம்பெனிக்கும் இடையே கையெழுத்தான ஒப்பந்தம் அந்தப் பிணையை வழங்கியது.

அதன் சாரம் வருமாறு. கம்பெனி திரட்டும் மூலதனத்துக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டியை அரசு உறுதிசெய்யும். பாதைக்கான நிலம் 99 ஆண்டுகளுக்கு இலவசம். ரயில் ஈட்டும் வருமானம் 5 சதவீதத்துக்குக் குறைந்தால், குறையும் தொகையை இந்திய வரிப்பணத்திலிருந்து அரசு ஈடுசெய்யும். அதற்கு மேல் ஈட்டினால் உபரியில் கம்பெனிக்கும் பங்கு உண்டு. 25 அல்லது 50 ஆண்டுகளுக்குப் பின் அரசு விரும்பினால் கம்பெனியை விலைக்கு வாங்கலாம். பாதை கட்டுப்படியாகவில்லை எனில், முன்னறிவிப்புக் கொடுத்து அதை அரசிடமே ஒப்படைத்துவிட்டுப் போட்ட முதலைத் திரும்பப் பெறும் உரிமை கம்பெனிக்கு இருந்தது.

சுருங்கச் சொன்னால், இது தனியார் முதலீடு என்று அழைக்கப்பட்டாலும் அதன் ஆபத்து பொதுமக்களுடையதாக இருந்தது. இதே அச்சில் வார்க்கப்பட்ட ஒப்பந்தங்களோடுதான் பம்பாயிலும் சென்னையிலும் பிற ரயில்வே கம்பெனிகள் தோன்றின.

ஹௌராவிலிருந்து டெல்லி வரை

ஜார்ஜ் டர்ன்புல் தலைமைப் பொறியாளராகப் பணியாற்ற, ஹௌராவிலிருந்து வேலை தொடங்கியது. பயணிகள் பெட்டிகளை ஏற்றிவந்த 'குட்வின்' என்ற கப்பல் ஹூக்ளி முகத்துவாரத்தில் மூழ்கியது. முதல் என்ஜினை ஏற்றிய கப்பல் தவறுதலாக ஆஸ்திரேலியாவுக்குச் சென்றுவிட்டது. இதனால் பெட்டிகளைக் கல்கத்தாவிலேயே கட்ட வேண்டியதாயிற்று. 1854 ஆகஸ்ட் 15ஆம் தேதி ஹௌராவிலிருந்து ஹூக்ளி வரை, சுமார் 39 கிலோமீட்டர் தூரத்துக்குப் பயணிகள் சேவை தொடங்கியது. 1855 பிப்ரவரியில் பாதை ராணிகஞ்ச் நிலக்கரி வயலை எட்டியது.

அடுத்த கட்டம் எளிதாக இல்லை. ராஜ்மகால் மலைப்பகுதியில் 1855 ஜூன் மாதம் சந்தால் பழங்குடியினர் கிளர்ந்தெழுந்தனர். வட்டிக்காரர்களும் ஜமீன்தார்களுமே அவர்களது முதன்மை எதிரிகள். எனினும் ரயில்வே ஒப்பந்தக்காரர்கள் சிலரின் கொடுமைகளும் அவர்களது முறையீடுகளில் இடம்பெற்றன. 1857 எழுச்சியும் வேலைகளைத் தடுத்து நிறுத்தியது. இவற்றையெல்லாம் கடந்து, 1862இல் சோன் ஆற்றுப் பாலமும் 1865இல் அலகாபாத்தை ஒட்டிய யமுனைப் பாலமும் கட்டி முடிக்கப்பட்டன. 1866இல் டெல்லியில் யமுனை மீது பாலம் அமைந்ததும், கல்கத்தாவும் டெல்லியும் இருப்புப்பாதையால் இணைந்தன.

பொறியியல் அளவில் இது பெரும் சாதனை என்பதில் ஐயமில்லை. கேள்வி செலவைப் பற்றியது. மைலுக்குச் சுமார் 8,000 பவுன் என்று டல்ஹௌசி காலத்தில் மதிப்பிடப்பட்டிருந்த உத்தரவாதப் பாதைகளுக்கு, நடைமுறையில் சராசரியாக அதன் இருமடங்குக்கும் மேல் செலவானது.

ஏன் இவ்வாறு நேர்ந்தது? இதற்கு மிகக் கூர்மையான விளக்கம் அரசின் உள்ளிருந்தே வந்தது. 1860களில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் நிதிப் பொறுப்பு வகித்த வில்லியம் மாஸே, 1872இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியமளித்தார். ஒப்பந்தக்காரர்களுக்குச் சிக்கனமாக இருக்க எந்தக் காரணமும் இருக்கவில்லை என்றார் அவர். ஐந்து சதவீதம் உறுதியாகிவிட்ட முதலீட்டாளருக்கு, தமது பணம் செங்கல்லும் சாந்துமாக மாறினாலும் ஹூக்ளி ஆற்றில் வீசப்பட்டாலும் ஒன்றுதான் என்பது அவர் வாதம்.

உத்தரவாதமின்றிச் சொந்தப் பொறுப்பில் ரயில் பாதை அமைக்கும்படி முதலீட்டாளர்களை அரசு அழைத்தும் பார்த்தது. 1860களின் தொடக்கத்தில் இரு கம்பெனிகள் அவ்வாறு வந்தன. ஒன்று வங்காளத்தில் நல்ஹாட்டியிலிருந்து அஜிம்கஞ்சுக்குப் பாதை அமைத்தது. மற்றொன்று 1865இல் அரக்கோணத்தையும் காஞ்சிபுரத்தையும் இணைத்தது. இரண்டும் நீண்ட காலம் தாக்குப்பிடிக்கவில்லை. உரிய மூலதனம் திரளாததால், அவையும் இறுதியில் உத்தரவாதத்தையே நாடின.

அரசின் பிணையில்லாமல் வர மறுப்பவர்களை ஆதரிக்காமல் இருப்பதைத் தனியார் முயற்சியில் குறுக்கிடுவதாகச் சொல்வது பொருந்தாது என்று வைஸ்ராய் ஜான் லாரன்ஸ் எழுதினார். 1869க்குப் பின் சில ஆண்டுகள் அரசே நேரடியாகப் பாதைகளை அமைத்தது. ஆனால் பஞ்சமும் ஆப்கன் போரும் கருவூலத்தைக் காலிசெய்தபோது கம்பெனிகள் மீண்டும் அழைக்கப்பட்டன.

சுமை இதோடு நிற்கவில்லை. முதலீட்டாளர்களுக்குரிய வட்டி லண்டனில் பவுனில் செலுத்தப்பட்டது. இந்திய விவசாயி வரி கட்டியது வெள்ளி ரூபாயில். 1870களின் தொடக்கத்தில் சுமார் 24 பென்ஸ் மதிப்பிருந்த ரூபாய், 1890களின் நடுவில் சுமார் 13 பென்ஸாகச் சரிந்தது. அதே வட்டிக்கு ஏறத்தாழ இருமடங்கு ரூபாய் தேவைப்பட்டது. தாதாபாய் நௌரோஜியும் ரொமேஷ் சந்திர தத்தும் முன்வைத்த 'செல்வ வடிகால்' வாதத்தில் ரயில்வே வட்டி முக்கிய இடம் பெற்றதற்கு இதுவே காரணம்.

நார்வே சென்ற வழி

1854 செப்டம்பர் 1ஆம் தேதி, இன்று ஒஸ்லோ எனப்படும் கிறிஸ்டியானியாவிலிருந்து எய்ட்ஸ்வோல் வரை 68 கிலோமீட்டர் பாதை திறக்கப்பட்டது. மரம் ஏற்றிச் செல்வதே அதன் முதன்மை நோக்கம். ஜார்ஜ் ஸ்டீபன்சனின் மகன் ராபர்ட் ஸ்டீபன்சன் அதை அமைத்தார். மூலதனத்தில் ஏறத்தாழ பாதி பிரிட்டனிலிருந்து வந்தது. மீதியை நார்வே அரசும் உள்நாட்டுப் பங்குதாரர்களும் ஏற்றனர்.

அங்கும் பிரிட்டிஷ் முதலீட்டாளர்களுக்கு முன்னுரிமைப் பங்குகள் தரப்பட்டன. அது அந்நாட்டில் அதிருப்தியையும் உண்டாக்கியது. ஆனால் நார்வே அரசு தானும் ஒரு பங்குதாரராக இருந்தது. சுவீடனுடன் ஒரே மன்னரின் கீழ் இணைந்திருந்த போதிலும், நார்வேக்குத் தனக்கென ஒரு நாடாளுமன்றம் இருந்தது.

முதல் பாதையில் பணியாற்றிக் கற்ற கார்ல் ஆப்ரஹாம் பீல் என்ற நார்வேப் பொறியாளர், தம் நாட்டின் வசதிக்கேற்ப 1,067 மில்லிமீட்டர் அகலம் கொண்ட சிக்கனமான குறுகிய பாதைகளை அமைத்தார். முதலாவது பாதை 1862இல் திறக்கப்பட்டது. அரசோடு, பாதை செல்லும் வட்டாரங்களின் உள்ளாட்சிகளும் மக்களும் பங்கு வாங்கினர். தம் பணம் அதில் இருந்ததால் செலவிலும் அவர்கள் கண்ணாக இருந்தனர்.

இரு நாடுகளையும் அப்படியே ஒப்பிட முடியாது என்பது உண்மையே. கங்கைச் சமவெளியின் தொலைவும் ஆறுகளின் அகலமும் நார்வேயின் முதல் பாதையில் இல்லை. ஆயினும் நில அமைப்பால் மட்டும் விளக்க முடியாத வேறுபாடு ஒன்று உண்டு. நார்வேயில் பணம் கொடுத்தவர்களுக்குக் குரல் இருந்தது. வங்காளத்தில் வரி கொடுத்தவர்களுக்கு அது இல்லை.

இலங்கை இதற்கு இன்னொரு சான்று. அதுவும் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ்தான் இருந்தது. கொழும்பிலிருந்து கண்டிக்குப் பாதை அமைக்க 1845இல் இலங்கை ரயில்வே கம்பெனி உருவானது. செலவு மதிப்பீடு எல்லை மீறியபோது ஒப்பந்தம் 1861இல் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. அரசே பொறுப்பை ஏற்று 1867இல் கண்டி வரை ரயிலை ஓட்டியது. அங்கே செலவைக் கேள்வி கேட்டவர்களில் கோப்பித் தோட்ட முதலாளிகளும் இருந்தனர். அவர்களும் ஆங்கிலேயர் என்பதால் அக்குரல் ஆளுநரின் காதில் விழுந்தது.

லாபம் வந்தபின்

கிழக்கிந்திய ரயில்வே நட்டத்திலேயே நின்றுவிடவில்லை. நிலக்கரியும் கங்கைச் சமவெளியின் சரக்கும் அதனை இந்தியாவின் மிகச் செழிப்பான பாதைகளுள் ஒன்றாக்கின. அப்போதுதான் அரசு அதனை வாங்கியது. 1880 ஜனவரி 1 முதல் பாதை அரசுடைமையானது. விலை, பங்குச் சந்தை மதிப்பின் அடிப்படையில் கணக்கிடப்பட்டது. 100 பவுன் பங்குக்கு 125 பவுன். அந்தப் பங்கு அவ்வளவு உயர்ந்ததற்கு அரசே கொடுத்த உத்தரவாதமும் ஒரு காரணம். விலையை ஆண்டுத் தொகையாகச் செலுத்த வகுக்கப்பட்ட கால அட்டவணை 1953 வரை நீண்டிருந்தது.

உடைமை மாறியபின்னும் ரயிலை நடத்தும் பொறுப்பு அதே லண்டன் கம்பெனியிடமே விடப்பட்டது. 1925 ஜனவரி 1ஆம் தேதிதான் நிர்வாகமும் அரசின் கைக்கு வந்தது. 1952இல் அதன் பாதைகள் சுதந்திர இந்தியாவின் ரயில்வே மண்டலங்களுக்குள் பிரிக்கப்பட்டன. அவற்றில் ஹௌராவை உள்ளடக்கிய பகுதி கிழக்கு ரயில்வேயானது.

தமிழகத்தின் கதையும் இதனோடு ஒத்தது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்குப் பாதை அமைத்த தென்னிந்தியப் பெரும் ரயில்வே கம்பெனியும், அரக்கோணம் பாதைக்குரிய கம்பெனியும் 1874இல் இணைந்து தென்னிந்திய ரயில்வே கம்பெனி ஆயின. அதன் இயக்குநர் குழுவும் லண்டனில்தான் கூடியது. 1944இல்தான் அது அரசின் கைக்கு மாறியது.

ஆய்வாளர்கள் கூறுவது

ரயிலால் இந்தியாவுக்கு நன்மையே இல்லை என்று கூறிவிட முடியாது. பொருளியல் அறிஞர் டேவ் டொனால்ட்சன் 2018இல் வெளியிட்ட ஆய்வு, ரயில் எட்டிய மாவட்டங்களில் வேளாண் வருமானம் சுமார் 16 சதவீதம் உயர்ந்ததாகக் கணக்கிடுகிறது. அதேவேளை, டான் போகார்ட், லத்திகா சௌத்ரி ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, கம்பெனிகளை அரசு எடுத்துக்கொண்டபின் ரயிலை இயக்கும் செலவு குறைந்ததைக் காட்டுகிறது. தனியார் எப்போதும் சிக்கனமானவர், அரசு எப்போதும் ஊதாரி என்ற பொதுக் கருத்துக்கு இது பொருந்தவில்லை. யார் நடத்துகிறார் என்பதோடு, நட்டம் யாரைச் சுடும் என்பதும் செலவைத் தீர்மானிக்கிறது.

இது கடந்த காலத்துக் கேள்வி மட்டுமல்ல. போரால் 1990இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில், இந்தியக் கடனுதவியோடு பாதை மீண்டும் அமைக்கப்பட்டு 2014 அக்டோபரில் யாழ் நகருக்குத் திரும்பியது. ஒஸ்லோவிலும் டொரொண்டோவிலும் வாழும் பலருக்கு அது கண்ணீரோடு கூடிய மகிழ்ச்சி. அந்தக் கடனைத் திருப்பித் தருவதும் மக்களின் வரிப்பணமே. துறைமுகமோ, நெடுஞ்சாலையோ, விமான நிலையமோ, அரசின் உத்தரவாதத்தோடு ஒரு திட்டம் வரும்போதெல்லாம் 1849 ஒப்பந்தம் எழுப்பிய கேள்வியும் உடன் வருகிறது.

எதிர்பார்த்த வருமானம் வராவிட்டால் ஈடுசெய்வது யார்? அவருக்கு அந்த ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவும் மறுத்துச் சொல்லவும் உரிமை உண்டா? வங்காளத்தின் வரிசெலுத்துவோருக்கு அந்த உரிமை கிடைத்தபோது, ஹௌராவில் முதல் ரயில் புறப்பட்டு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆகியிருந்தது.