நாய்க்கு சம்மர் மொட்டை போடலாமா? டாக் ஷோ ரோமங்கள் சொல்லும் பாடம்

டாக் ஷோ வீடியோக்களைப் பார்த்தால் ஒரு சந்தேகம் வரும். பூடில் நாயின் பின்பாகத்தை மழமழவென்று மழித்து, கணுக்காலில் மட்டும் பஞ்சு உருண்டை மாதிரி முடி விட்டிருப்பார்கள். அடுத்து வரும் சைபீரியன் ஹஸ்கியின் உடம்பிலோ கத்தரி பட்ட சுவடே இருக்காது. ஏன் இந்த ஓரவஞ்சனை?

அழகுக்காக என்பது பாதி பதில்தான். அந்த ரோமம் எந்த வேலைக்காக உருவானது என்பதுதான் மீதி. இது தெரியாததால், கத்திரி வெயில் தொடங்கியதும் 'பாவம், புழுங்குமே' என்று வீட்டு ஹஸ்கிக்கு மொட்டை போட்டுவிடுகிறார்கள் சிலர்.

மூன்று ஜீன்களின் விளையாட்டு

80 இனங்களைச் சேர்ந்த 1,000-க்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2009-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. நாய்களின் ரோமத்தில் நாம் பார்க்கும் வித்தியாசங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூன்றே ஜீன்கள் காரணம் என்றது அது. ஒன்று நீளத்தையும், இன்னொன்று சுருளையும், மூன்றாவது மீசை, புருவத்தையும் தீர்மானிக்கிறது. மூன்றிலும் மாற்றம் இல்லை என்றால் பாசெட் ஹவுண்ட் போல குட்டை முடி. நீளம் மட்டும் மாறினால் கோல்டன் ரெட்ரீவர். மூன்றுமே மாறினால் பஞ்சுப் பொதி போன்ற பிஷான் ஃப்ரீஸே.

எந்த முடிக்கு என்ன க்ரூமிங்?

சுருள் முடி: பூடில், தண்ணீரில் விழுந்த வாத்தைக் கவ்வி வரப் பழக்கப்பட்ட வேட்டை நாய். நீந்தும்போது கனக்கக் கூடாது என்று பின்பாகத்தை மழித்தார்கள். குளிர் தாக்காமல் இருக்க மார்பிலும் மூட்டுகளிலும் முடியை விட்டார்கள் என்பதுதான் அந்த கட்டிங்குக்குச் சொல்லப்படும் காரணம். இந்த முடி வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டாமல், சீவாமல் விட்டால் சிக்குப் பிடித்து தோலை இழுக்கும்.

கம்பி முடி: வயர் ஃபாக்ஸ் டெரியர் இந்த ரகம். ஷோ நாய்களுக்கு முதிர்ந்த முடியைக் கையால் பிடுங்கி எடுப்பார்கள். இதற்கு 'ஹேண்ட் ஸ்டிரிப்பிங்' என்று பெயர். மெஷின் போட்டால் சொரசொரப்பு போய், முடி மிருதுவாகி நிறமும் மங்கிவிடும். நியூயார்க்கின் பிரபல வெஸ்ட்மின்ஸ்டர் ஷோவில் அதிக முறை முதல் பரிசை வென்ற இனம் இதுதான்.

கயிறு முடி: ஹங்கேரியின் பூலி, கொமொண்டோர் நாய்களுக்கு முடி சடைசடையாகத் திரியும். இதைச் சீவக் கூடாது. சடைகளைக் கையால் பிரித்துவிட வேண்டும். குளிப்பாட்டினால் காய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இரட்டை அடுக்கு: ஹஸ்கி, சமோயெட், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் எல்லாம் இதில் வரும். மேலே முரட்டு முடி, அடியில் பஞ்சு போன்ற முடி. ஹஸ்கிக்கு மீசையையும் பாதத்தைச் சுற்றிய முடியையும் தவிர வேறெங்கும் வெட்டினால் கடுமையாகப் பார்க்க வேண்டும் என்கிறது அமெரிக்கன் கென்னல் கிளப்பின் இன வரையறை. சாயம் பூசி இயற்கை நிறத்தை மாற்றிய நாய்க்கும் ரிங்கில் இடமில்லை.

மொட்டை ஏன் ஆபத்து?

நமக்குப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. பெரும்பாலும் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வியர்வைச் சுரப்பிகள் பாதத்தில்தான் முக்கியமாக வேலை செய்கின்றன. அதனால் முடியை மழித்துவிட்டால் நாம் நினைக்கிற அளவுக்குக் குளிர்ச்சி கிடைக்காது. மாறாக, வெயில் நேராகத் தோலில் இறங்கும். சில நாய்களுக்கு மறுபடி முடி முளைக்க மாதக்கணக்கில் ஆகலாம். அப்போதும் திட்டுத்திட்டாகவே வரலாம்.

அடி முடி பருவத்துக்கு ஏற்ப கொத்துக்கொத்தாக உதிரும். உதிர்ந்தது உள்ளேயே அடைந்து கிடப்பதுதான் உண்மையான பிரச்சினை. அண்டர்கோட் ரேக் எனும் சீப்பால் வாரத்துக்கு சில முறை வாரி எடுத்தால் காற்று உள்ளே போகும். அறுவை சிகிச்சை, தோல் நோய், பிரிக்கவே முடியாத சிக்கு போன்ற காரணங்களுக்காக கால்நடை மருத்துவர் சொன்னால் மழிக்கலாம். ஆனால் அது சிகிச்சை, சம்மர் ஸ்டைல் அல்ல.

வாங்கும் முன் யோசியுங்கள்

ரோமத்தைப் பராமரிக்க தினமும் எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும் என்பதை முதலில் கணக்குப் போடுங்கள். ஷிட்ஸுவுக்கு ஷோவில் முடி நீளமாக இருக்க வேண்டும். வீட்டில் வளர்ப்பவர்கள் குட்டையாக வெட்டிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் ஹஸ்கிக்கு அந்தக் குறுக்கு வழி கிடையாது. நேரமே இல்லை என்பவர்களுக்கு நம்மூர் ராஜபாளையம், சிப்பிப்பாறை இருக்கின்றன. ஒட்டிய குட்டை முடி. ரப்பர் பிரஷ்ஷால் தேய்த்து ஈரத்துணியால் துடைத்தால் முடிந்தது வேலை. ஆனால் அவை ஓட வளர்ந்த வேட்டை நாய்கள். சீப்புக்கு மிச்சமாகும் நேரத்தை ஓட்டத்துக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.