அறைக்குள் இறங்கும் பனி

மார்கழி, தை மாதங்களில் மார்க்கையன்கோட்டைப் பக்கத்துத் தார்சு வீடுகளில் விடிகாலையில் சுவரின் மேல்மூலை நனைந்திருக்கும். பீரோவை நகர்த்தினால் பின்னால் கறுப்பாகப் பூசணம். மழையும் இல்லை, குழாயும் உடையவில்லை. ஓதம் என்று கொத்தனாரைக் கூப்பிடுவார்கள். பல நேரம் அந்தத் தண்ணீர் தரையிலிருந்து ஏறியதும் அல்ல, மாடியிலிருந்து இறங்கியதும் அல்ல. அறையின் காற்றிலிருந்தே வந்தது.

ஒரு கன மீட்டர் காற்றில் 30 டிகிரி வெப்பத்தில் சுமார் 30 கிராம் நீராவி இருக்க முடியும். 20 டிகிரியில் 17 கிராம்தான். ஈரக்காற்று குளிர்ந்த சுவரைத் தொட்டதும் மிஞ்சிய ஆவி துளியாகிவிடுகிறது.

இத்தனை ஆவி ஏது? முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் நெல்வயல்கள் ஊரைச் சுற்றிக் கிடக்கின்றன, வெளிக்காற்றே ஈரமானது. உள்ளே மூச்சு, வெந்நீர்க் குளியல், உலை. இவற்றையெல்லாம் விட எனக்கு வியப்பூட்டுவது கேஸ் அடுப்பு. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து தீரும்போது 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் பிறக்கிறது! எரிவாயுவின் ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, அந்த நெருப்பிலேயே புதிதாக உண்டாகும் தண்ணீர் அது. ஆவியாக இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மேல்மூலை முதலில் நனைவதற்கும் காரணம் உண்டு. லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் கம்பளி ரோமப் பொதிகளை இரவில் தோட்டத்தில் வைத்து, காலையில் எடை பார்த்தார். திறந்த வானத்தின் கீழ் இருந்தவை அதிகம் நனைந்தன; பலகைக்கு அடியில் இருந்தவை குறைவாகவே நனைந்தன. தெளிந்த வானத்தை நோக்கிப் பொருள்கள் தங்கள் வெப்பத்தை வீசிவிட்டுக் குளிர்வதே பனி படியக் காரணம் என்று 1814இல் எழுதினார். நம் மாடித்தளமும் இரவெல்லாம் அதையேதான் செய்கிறது. மூலையில் தளமும் இரண்டு வெளிச்சுவர்களும் சேர்வதால் குளிர் அங்கே கூடுதல்.

பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி, பகலில் திருப்பி விட்டுவிடும். அதன் காரத்தன்மையில் பூசணமும் எளிதில் பிடிக்காது. எனாமல் பெயின்ட் அடித்த சுவரில் அந்த வசதி இல்லை. துளி மேலேயே நிற்கும்.

கசிவா, காற்றின் ஈரமா என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். சுவரைத் துடைத்து உலரவிட்டு, ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஓரிரு நாள் விடுங்கள். தாளின் பின்பக்கம் நனைந்தால் கசிவு, கொத்தனார் வேலை. அறையைப் பார்த்த பக்கம் நனைந்தால் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சுக்குச் செலவழிக்காதீர்கள். சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள், வென்டிலேட்டரை அடைக்காதீர்கள், பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள்.