இரு கிணறும் ஓர் ஊற்றும்

கோச்சடையில் வையைக் கரையை அடுத்துத் தோட்டமுடையார் ஒருவர், ஒரு கிணறு வற்றினும் மற்றொன்று உதவுமென்று கருதி, அருகருகே இரண்டு வெட்டினாரென வைத்துக்கொள்வோம். ஆற்றில் நீரோட்டமுள்ள நாளெல்லாம் இரண்டும் நிரம்பியிருக்கும். மழை பொய்த்து ஆறு மணற்காடாய்க் கிடக்குங் கோடையிலோ இரண்டும் ஒருங்கே வற்றும். என்னை? கிணறு இரண்டாயினும் ஊற்று ஒன்றே. வான நிலையத்தை நிலைதவறாமற் காக்கும் ஏற்பாடுகளில் அடங்கியுள்ள பெரும் பாடமும் இதுவேயாம். அதனை ஈண்டுச் சுருங்க விளக்குவாம்.

பூமிக்கு மேல் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில், 90 நிமிஷங்களுக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் உலகை ஒருமுறை வலம்வருவது சர்வதேச வான நிலையம். அதன் எடை ஏறத்தாழ 420 டன். 2000ஆம் ஆண்டு நவம்பர் முதல் அதில் மனிதர் இடையறாது வசித்து வருகின்றனர். அது கீழே விழாதிருப்பது தன் வேகத்தால். ஆனால் விழாதிருந்தாற் போதாது, திசை மாறாமல் நிற்கவும் வேண்டும். ஞாயிற்றை நோக்கவேண்டிய மின்பலகைகள் வேறு திசை நோக்கின் மின்சாரம் குன்றும். மின்சாரம் குன்றின் உள்ளிருப்போர் சுவாசிக்குங் காற்றைத் தூய்மைசெய்யும் யந்திரங்களும் ஓயும். அவ்வுயரத்தும் மெல்லிய காற்று உராய்கிறது. நிலையத்தின் ஒரு பகுதியினும் மற்றொரு பகுதியைப் பூமி சிறிது மிகுதியாய் ஈர்க்கிறது. இவை அதனைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டேயிருக்கும்.

இதனைத் தடுப்பன நான்கு சக்கரங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 98 கிலோ எடையுள்ளது. நிமிஷத்திற்கு 6,600 முறை சுழல்வது. சுழலுஞ் சைக்கிள் சக்கரத்தை அச்சிற் பிடித்துச் சாய்க்க முயன்றோர், அது கையை முறுக்குவதை உணர்ந்திருப்பர். அங்ஙனமே இச்சக்கரங்களின் அச்சைச் சாய்க்க, அம்முறுக்கு நிலையத்தைத் திருப்பும். இதற்கு எரிபொருள் வேண்டுவதில்லை. ஞாயிற்றொளியாற் பெறும் மின்சாரமே போதும். ஆயினும் சக்கரங்கள் ஏற்குஞ் சுமைக்கு எல்லையுண்டு. அவ்வெல்லை வந்துழி, ருஷியப் பகுதியிலுள்ள உந்துகுழல்கள் எரிபொருளை எரித்து அச்சுமையை இறக்கும். ஒன்று மின்சாரத்தால் இயங்குவது, மற்றது எரிபொருளால் இயங்குவது. இவை வெவ்வேறு ஊற்றுடைய கிணறுகள்.

2002ஆம் ஆண்டு ஜூனில் ஒரு சக்கரம் பழுதாயிற்று. 2004 ஏப்ரலில் மற்றொன்றிற்கு மின்சாரம் தடைப்பட்டது. எஞ்சிய இரண்டே நிலையத்தைத் தாங்கின. இன்னுமொன்று குறையின் சக்கரங்களாற் பயனில்லை. அவ்வாண்டு ஜூன் 30ஆம் நாள் பதால்கா, ஃபிங்க் என்னும் இருவர் நிலையத்திற்கு வெளியே சென்று மின்தடையை நீக்கினர். பழுதான சக்கரத்திற்கு ஈடாக 2005 ஆகஸ்டில் புதியது பொருத்தப்பட்டது. வேண்டிய அளவினும் மிகுதியாக வைத்த சக்கரங்களே அம்மூன்றாண்டும் காத்தன.

ஆனால் எண்ணிக்கை மட்டும் எப்பொழுதும் காக்குமோ? 2007 ஜூனில் ருஷியப் பகுதியின் கணிப்பொறிகள் ஓய்ந்தன. ஒன்று தவறினும் மற்றவை நடத்துமென்று, ஒரே வேலைக்கு மும்மூன்றாக அமைக்கப்பட்டவை அவை. மூன்றும் ஒருங்கே ஓய, உந்துகுழல்களை ஆள்வார் இலராயினர். இந்திய மரபினரான சுனிதா வில்லியம்ஸ் அந்நாளில் அங்கிருந்தார். நிலையத்தோடு இணைந்து நின்ற அட்லாண்டிஸ் ஓடத்தின் உந்துகுழல்கள் அவ்வேளையிற் கைகொடுத்தன. பின்னர் ஆராய்ந்தபோது காரணம் வெளிப்பட்டது: மின்சாரத்தைக் கண்காணிக்கும் ஒரு பெட்டியின் இணைப்பில் ஈரம் படிந்து அரித்திருந்தது, அதனாற் பிறந்த பொய்யாணை மூன்று பொறிகளையும் அணைத்துவிட்டது. பொறி மூன்று, அணைக்கும் வழியோ ஒன்று. அங்கிருந்தோர் அப்பெட்டியை விலக்கி வேறு கம்பியால் இணைத்தபின் பொறிகள் உயிர்பெற்றன.

இவ்வுண்மையை நம் நாட்டு விஞ்ஞானிகளும் அநுபவத்திற் கண்டனர். 2008 அக்டோபர் 22ஆம் நாள் புறப்பட்ட முதற் சந்திரயானுக்குக் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கோதவாடியிற் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநர். விண்மீன்களை நோக்கித் திசையறியும் இரு கருவிகள் அதில் இருந்தன. 2009ஆம் ஆண்டில் முதற்கருவி பழுதாக, சில வாரங்களில் துணைக்கருவியும் அதன் வழியே சென்றது. இரண்டும் ஓரினம், தாங்கிய சூழலும் ஒன்றே. அப்பொழுது உதவியது வேறினக் கருவியாகிய சுழல்மானி. அது நாளடைவிற் பிழைபடுமாதலால், உணர்கொம்பின் திசையையும் கலம் எடுத்த படங்களையும் கொண்டு பிழைதிருத்தி, 2009 ஆகஸ்டு 29 வரை பணிசெய்வித்தனர். நிலவில் நீரின் அடையாளம் உண்டென்று அடுத்த மாதம் உலகறியச் செய்தது இக்கலமே.

ஆகவே துணைக்கருவி வைப்போர் எத்தனையென்று கேட்பதோடு அமையாது, எதனைச் சார்ந்தவையென்றும் கேட்டல் வேண்டும். பரீட்சைக்கு முன்னாள் ஐயந்தீர நண்பர் இருவரின் குறிப்பேடுகளை ஒத்துப்பார்த்து மகிழும் மாணாக்கர், ஒருவர் ஏட்டைப் பார்த்தே மற்றவர் எழுதினாரோ என்பதையும் வினவுதல் நலம். 2035ஆம் ஆண்டிற்குள் தனக்கென ஒரு வான நிலையம் அமைக்க இந்தியா கருதியுள்ளது. அப்பணியில் நம் மாணாக்கர் சிலரும் புகுதல் கூடும். அங்கே துணைக்கருவியொன்றை வரையுமுன் அவர்கள் கோச்சடைக் கிணறுகளை நினைப்பாராக. அந்நிலையத்தில் வாழ்வார் உயிர் அந்நினைவைப் பொறுத்ததாம்.