தசை ஏன் இறுகுது? டிஸ்ட்ரோபின் இல்லாத உடம்பில் நடப்பது என்ன

டுஷேன் தசைச்சிதைவு நோய் உள்ள சிறுவர்களின் கெண்டைக்கால் பருத்து, பலமா இருப்பது போலத் தெரியும். ஆனா உள்ளே நிறைய இடத்தில் இருப்பது தசையே இல்ல, கொழுப்பும் நார்த்திசுவும்தான்.

காரணம் டிஸ்ட்ரோபின் இல்லாதது. 1987-ல் அடையாளம் காணப்பட்ட இந்தப் புரதம், தசைநாரின் உட்சட்டகத்தை மேலுறையோடு கட்டிவைக்கும். அது இல்லைன்னா தசை சுருங்கச் சுருங்க உறை கிழியும், கால்சியம் உள்ளே புகும், நார் சாகும். அந்த இடத்தில் கொலாஜன் வந்து சேரும். ரப்பர் பேண்டுக்குப் பதில் கயிறு கட்டின மாதிரி. கொலாஜன் எவ்வளவு சேருது என்பது மட்டுமல்ல, எப்படிப் பின்னிக் கிடக்குது என்பதும் விறைப்பைத் தீர்மானிக்குது. கணுக்கால் இறுகி, குழந்தை நுனிக்காலில் நடக்க இதுவும் ஒரு காரணம்.

ஸ்டீராய்டும் தினசரி நீட்டிப்புப் பயிற்சியும் இதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அமெரிக்காவில் 2023-ல் அனுமதி பெற்ற மரபணு சிகிச்சையின் விலை 32 லட்சம் டாலர். இந்தியாவின் அரிய நோய்க் கொள்கை வைத்திருக்கும் உச்சவரம்பு, 50 லட்சம் ரூபாய்.