பழைய இரும்பு வணிகமும் பதிவேடும்

லுக்குட் உள்ளிட்ட நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களை விட்டு வெளியேறிய தமிழர்க்கு, சிறு முதலில் தொடங்கத்தக்க தொழில்களுள் பழைய இரும்பு வணிகமும் ஒன்றாகும். மலாய்மொழி இவ்விரும்பைப் 'பெசி பூரோக்' என்னும். 'பூரோக்' என்பது பழுதுற்றதைக் குறிக்கும். பெயர் எளிமையுடையதாயினும் தொழில் நுட்பமுடையது. காந்தம் இரும்பைப் பற்றும். விலைமிகுந்த செம்பையும் அலுமினியத்தையும் பற்றாது. இவ்வாறு தரம்பிரித்தலிலேயே ஆதாயம் அமைகிறது.

எனினும், உலோகத்தின் வகையைக் காந்தம் காட்டும். அது வந்த வழியைப் பதிவேடே காட்டும். 1946ஆம் ஆண்டுப் பழம்பொருள் வணிகர் சட்டம் உரிமத்தையும் கொள்முதல் பதிவையும் வேண்டுகிறது. பழைய வாகனத்தையோ உதிரிபாகத்தையோ விற்றவர் யாரென எழுதி வைக்காவிடின், வாங்கியவர் திருட்டுப் பொருள் பெற்றவர் என்னும் ஐயத்திற்கு ஆளாக நேரும். ஆதலின், வணிகக் கடிதம் கற்பிக்கும் நாம், பற்றுச்சீட்டும் பதிவேடும் எழுதக் கற்பித்தலும் இன்றியமையாதது எனக் கருதுகிறோம்.