வலியறியாத கைகளுக்கு வாழ்வளித்தவர்

அஞ்செட்டிச் சந்தையில் சென்ற மாதம் முதியவர் ஒருவரைக் கண்டோம். கேழ்வரகு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நிழலில் அமர்ந்திருந்தார். செருப்பைக் கழற்றியபோது அவர் உள்ளங்காலில் ஒரு முள் ஆழப் புதைந்து, சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது. "வலிக்கவில்லையா ஐயா?" என்று கேட்டோம். "வலிச்சாத்தானுங்களே தெரியும்" என்றார். பல்லாண்டுகளாக அவருக்கு நீரிழிவு. அவருடைய விடை, அறுவை மருத்துவர் பால் பிராண்டை நமக்கு நினைவூட்டிற்று.

நம் மலைகளுக்குத் தெற்கே உள்ள கொல்லிமலையில், மறைப்பணி புரிந்த ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914 ஜூலை 17-ல் பிறந்தவர் அவர். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-ல் தந்தை மலையிலேயே காய்ச்சலில் மாண்டார். மகன் அவர் முகத்தை மீண்டும் காணவில்லை. தாய் ஈவ்லின், முதுமையிலும் மலைகளை விட்டு இறங்க மறுத்து, அங்கேயே தொண்டு புரிந்து 1974-ல் மறைந்தார். பால் முதலில் கற்றது கட்டடத் தொழில். பின்னரே இலண்டனில் மருத்துவம் பயின்றார். தச்சுவேலை பழகிய கையன்றோ பிறர் கைகளைச் செப்பனிட வந்தது!

1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்தைக் காணச் சென்றவர், விரல்கள் மடங்கிப் போன ஒரு நோயாளியிடம் தம் கையை அழுத்தச் சொன்னார். வலி தாளாமல் கத்த நேர்ந்தது. அத்தனை பலம் அந்தப் பிடியில்! பயனற்றதென ஊரார் ஒதுக்கிய கையில் நல்ல தசைகள் உயிரோடு இருந்தன. அந்தத் தசைகளின் நாண்களை இடம் மாற்றி இணைத்தால் விரல்கள் நிமிரும் என்று கண்டு, அவ்வாறே செய்து காட்டினார்.

ஆயினும் திருந்திய கைகளில் மீண்டும் புண்கள் தோன்றின. தொழுநோய் சதையைத் தின்கிறது என்றே அன்று பலரும் நம்பினர். பிராண்ட் நம்பவில்லை. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் தம்மால் திறக்க இயலாதபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் எளிதாகத் திறந்தான். அவன் விரலில் எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டு! அவனோ அதை உணரவேயில்லை. இரவில் விரல்நுனிகள் காணாமற் போன மர்மத்துக்கும் விடை கிடைத்தது: உறங்குவோரின் மரத்த விரல்களை எலிகள் கடித்திருந்தன. மருந்து? பூனைகள் வளர்ப்பதுதான்! விரல்களை அழித்தது நோயன்று, வலியின்மையே. மொலோக்காய்த் தீவின் புனித தமியான், 1884-ல் கொதிநீர் பட்டும் கால் சுடாததால்தான் தம் நோயை அறிந்தார் என்பது வாசகர் அறிந்ததே.

பிராண்டுக்கும் அத்தகைய ஓர் இரவு வாய்த்தது. இங்கிலாந்தில் நீண்ட இரயில் பயணத்துக்குப் பின் தம் குதிகால் மரத்திருக்கக் கண்டு, தொழுநோய் பற்றியதோ என்று விடியும்வரை கலங்கினார். காலையில் ஊசியால் குத்திப் பார்த்தார். வலித்தது! அந்த வலிக்காக அவர் இறைவனுக்கு நன்றி கூறினார்.

அடுத்து எழுந்ததே கடினமான கேள்வி. கை திருந்தியவர்கள் சிலர் திரும்பி வந்து முறையிட்டனர்: நல்ல கையைக் காட்டினால் பிச்சை விழவில்லை; வேலை தருவாரோ எவருமில்லை. கையைத் தந்தவர் பிழைப்பையும் தர வேண்டியதாயிற்று. கல்லூரி வளாகத்திலேயே குடிசைகள் எழுப்பி, தச்சுப் பட்டறை வைத்துப் புதுவாழ்வு நிலையம் தொடங்கினார். 1955-ல் தொடங்கப்பட்ட கரிகிரி ஆய்வு நிலையத்தில், மரத்த பாதங்களைக் காக்கும் மெத்தென்ற இரப்பர்ச் செருப்புகளும் உருவாயின.

1966-ல் அமெரிக்காவின் கார்வில் நகருக்குச் சென்றவர், 2003-ல் மறையும் முன், தொழுநோயாளரிடம் கற்றதை நீரிழிவால் மரத்த பாதங்களைக் காக்கவும் பயன்படுத்தினார்.

அதைத்தான் அந்த முதியவரிடம் கூறினோம்: உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும், வெறுங்காலுடன் நடக்கலாகாது, நாள்தோறும் மாலையில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். "கண்ணு சரியாத் தெரியாதுங்களே" என்று தயங்கினார். அருகிலிருந்த பேத்தி, "நான் பாக்கறேன் தாத்தா" என்று அவர் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.